தட்டின் அளவும் வயிற்றின் அளவும்

 

விழா மேடைக்கு இன்று எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். அமெரிக்க நாட்டின் பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் உள்ள உணவகங்களில், அறுபது எழுபது வயதைக் கடந்தோர் பலர் தமக்கென்று சிறுவர் உணவைக் கேட்டு வாங்குகின்றனர். பேரனுக்கு ஒரு சிறுவர் தட்டு. பாட்டிக்கும் ஒரு சிறுவர் தட்டு. இதனைச் சிக்கனம் என்பாரும் உளர். கஞ்சத்தனம் என்பாரும் உளர். கடைக்காரரை ஏமாற்றுவதாகுமோ என்று கூசுவாரும் உளர். பிள்ளைகள் அந்நாட்டில் பணிபுரிய, பெற்றோர் சென்று சில திங்கள் தங்கி வருவது இன்று தமிழ்ச் சமணக் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டது. அங்குச் செல்லும் பெற்றோரைப் பிள்ளைகள் அழைத்துச் செல்லும் இடங்களுள் இப்பூங்காக்களும் அடங்கும். ஆதலின் இக்கேள்வி எவருக்கோ உரிய கேள்வியன்று. வாய்மை, உணவின் அளவு, முதுமைக்கு உரிய மதிப்பு ஆகிய மூன்றும் அந்தச் சிறு தட்டில் அடங்கியிருக்கின்றன.

முதலில் இடத்தையும் அங்குள்ள முறையையும் அறிதல் வேண்டும். புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்டது வால்ட் டிஸ்னி வேர்ல்டு. நான்கு பெரும் பூங்காக்களைக் கொண்ட அவ்வளாகத்தில் உணவகங்கள் மூன்று வகைப்படும். முதல் வகை, நின்று காசு கொடுத்து உணவைத் தாமே எடுத்துச் செல்லும் முகப்புக் கடை. இரண்டாம் வகை, மேசையில் அமர்ந்திருக்கப் பணியாளர் வந்து பரிமாறும் உணவகம். மூன்றாம் வகை, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி வேண்டிய அளவு உண்ணும் பஃபே.

இம்மூன்றிலும் சிறுவர் உணவுக்கு உரிய விதி ஒன்றன்று. முகப்புக் கடையில் சிறுவர் தட்டு ஒரு பண்டம். அதற்கு உரிய விலையைக் கொடுப்பவர் எவராயினும் வாங்கலாம். வயதை எவரும் கேட்பதில்லை. மேசை உணவகத்தில் சிறுவர் பட்டியல் 9 வயதுக்கு மேற்படாதோர்க்கு என வகுக்கப்பட்டிருக்கும். பெரியவர் கேட்டால் தருவதும் மறுப்பதும் அந்த உணவகத்தாரின் விருப்பம். பஃபேயிலோ நிலை முற்றிலும் வேறு. அங்கே 3 வயது முதல் 9 வயது வரை சிறுவர் கட்டணம்; 10 வயது நிரம்பியவுடன் பெரியவர் கட்டணம். உண்பது ஒரு கவளமாயினும் பத்துத் தட்டாயினும் கட்டணம் மாறாது. அவ்விடத்தில் விற்கப்படுவது தட்டன்று, நுழைவு.

இந்த வயதுக் கணக்கைச் சற்று உற்றுநோக்கினால் ஒரு குறை புலப்படும். கீழ்ப்புறத்தில் 3 என்றும் 10 என்றும் கோடுகள் உள்ளன. மேற்புறத்தில் கோடே இல்லை. நாள் முழுதும் ஓடியாடும் பத்து வயதுச் சிறுவனும், நான்கு அடி நடந்தால் நிழல் தேடும் எண்பது வயது மூதாட்டியும் ஒரே வகுப்பினர்! அமெரிக்காவில் வேறிடங்களில் இக்குறையை உணர்ந்த உணவகங்கள் இல்லாமல் இல்லை. டென்னிஸ், ஐஹாப் போன்ற சங்கிலி உணவகங்கள் 55 வயது கடந்தோர்க்கென்று அளவிலும் விலையிலும் குறைந்த தனிப் பட்டியலை வைத்துள்ளன. அத்தகைய பட்டியல் இல்லாத இடத்தில்தான் முதியோரின் கண் சிறுவர் பட்டியலின்மேல் செல்கிறது. ஆகவே முதியவர் சிறுவர் தட்டை நாடுவது சிறுபிள்ளைத்தனத்தால் அன்று. தம் வயிற்றுக்கு ஏற்ற தட்டு வேறெங்கும் இல்லாமையால்.

சிறுவர் பட்டியல் தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மது வருவாயை இழந்த உணவகங்கள், குழந்தைகளோடு வரும் குடும்பங்களை நாடத் தொடங்கின. குழந்தைக்கென்று தனிப் பட்டியல் வைத்தால் தாயும் தந்தையும் உடன் வந்து உண்பர் என்பது வணிகரின் கணக்கு. அதாவது சிறுவர் தட்டின் விலை குறைவாக இருப்பது கருணையால் மட்டும் அன்று. உடன் வருவோர் முழு விலை கொடுப்பர் என்னும் எதிர்பார்ப்பாலும் ஆகும். இதனை அறிந்தால், மேசை உணவகத்தார் சில வேளைகளில் பெரியவர்க்கு அதனை மறுப்பதன் காரணமும் விளங்கும். ஒரு நாற்காலிக்கும் ஒரு பணியாளின் உழைப்புக்கும் ஆகும் செலவு, உண்பவர் சிறியவரானாலும் முதியவரானாலும் ஒன்றேயன்றோ? அம்மறுப்பை அவமதிப்பாகக் கொள்ளுதல் வேண்டா.

இனி உடலின் இயல்பைக் காண்போம். முதுமையில் தசை குறைகிறது. ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலும் அதனோடு குறைகிறது. இரைப்பை மெல்லவே காலியாகிறது. ஆதலின் சிறிது உண்டவுடன் நிறைவு தோன்றுகிறது. மணமும் சுவையும் மங்குகின்றன. சில மருந்துகள் இருக்கும் பசியையும் அடக்கிவிடுகின்றன. மருத்துவ நூலார் இதற்கு முதுமைப் பசியின்மை என்று தனிப்பெயரே வழங்குகின்றனர். எனவே முதியவர் "போதும்" என்று சொல்வதை உபசாரச் சொல்லாகக் கருதி மேலும் இடுவது அன்பாகாது.

பெரிய தட்டு தன்னளவில் ஒரு வற்புறுத்தலாகவும் அமைகிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பார்பரா ரோல்ஸும் அவருடைய குழுவினரும் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், பாலாடைக்கட்டி சேர்த்த மாக்ரோனியை வெவ்வேறு நாள்களில் 500 கிராம் முதல் 1,000 கிராம் வரை வெவ்வேறு அளவில் வைத்து உண்ணச் செய்தனர். மிகப் பெரிய அளவு வைக்கப்பட்டபோது, மிகச் சிறிய அளவின்போது உண்டதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுதியாக உண்டனர். பசி மிகவில்லை, தட்டுத்தான் மிகுந்தது. ஆகவே பெரிய தட்டின் முன் அமரும் முதியவர்க்கு இரண்டே வழிகள்: அளவு கடந்து உண்டு துன்புறுவது, அல்லது மிச்சம் வைத்து வருந்துவது.

மிச்சத்தைப் பொட்டலமாக எடுத்துச் செல்லலாமே என்று கேட்கலாம். ஊர் உணவகத்தில் அது பொருந்தும், பூங்காவில் பொருந்தாது. அங்கு உண்டபின் இல்லம் திரும்புவோர் சிலரே. மாலை வரை வெயிலில் நடப்போரே பலர். சமைத்த உணவைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தலாகாது என்பதும், வெப்பம் 32 பாகை செல்சியசைக் கடந்தால் ஒரு மணி நேரமே வரம்பு என்பதும் அந்நாட்டு வேளாண்துறையின் அறிவுரை. புளோரிடாவின் கோடைப் பகல் அந்த வரம்பை எளிதில் தாண்டும். எனவே அங்கு மிஞ்சிய உணவு பெரும்பாலும் குப்பைத் தொட்டிக்கே செல்லும். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று; அதில் 28 விழுக்காடு உணவகங்கள் முதலிய உணவுச் சேவையிடங்களில் வீணானது. அந்தப் பெருங்குவியலும் ஒவ்வொரு தட்டின் மிச்சத்தால் ஆனதே.

சிறுவர் தட்டில் இருப்பது என்ன என்பதையும் பார்த்தல் வேண்டும். டிஸ்னி பூங்காக்களில் 2006ஆம் ஆண்டு ஒரு நல்ல மாற்றம் அறிவிக்கப்பட்டது. அதன்படி சிறுவர் உணவோடு வழக்கமாக வரும் துணை உணவு, பொரித்த உருளைக்கிழங்குக்கு மாறாகப் பழமோ காய்கறியோ ஆயிற்று. குளிர்பானத்துக்கு மாறாகக் கொழுப்புக் குறைந்த பால், தண்ணீர், பழச்சாறு என ஆயிற்று. பொரியல் வேண்டுவோர் தனியே கேட்டுப் பெறலாம். பின்னர் நிகழ்ந்த ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தப் பழம் காய்கறிகளையும், மூன்றில் இரு பங்கினர் அந்தப் பானங்களையும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டது தெரிந்தது. குழந்தைக்கு நன்மை தருவது என்று வகுக்கப்பட்ட இவ்வமைப்பு, குருதி அழுத்தமும் நீரிழிவும் உள்ள முதியவர்க்கும் முழுத் தட்டைவிடப் பொருத்தமாகவே அமையக்கூடும். பழச்சாற்றை மட்டும் நீரிழிவு உடையோர் விலக்குதல் நன்று.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது, சிறுவர் பட்டியலில் கோழி, இறைச்சி உணவுகளே மிகுதி. தக்காளிச் சாறு சேர்த்த பாஸ்தா, பாலாடைக்கட்டி மாக்ரோனி, வேர்க்கடலை விழுதும் பழக்கூழும் தடவிய ரொட்டி போன்றவையே தாவர உணவினர்க்கு எஞ்சுவன. பாலாடைக்கட்டிகளுள் சில, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால் உறையவைக்கப்படுவன. கேட்டுத் தெளிதல் வேண்டும். துணை உணவாகக் காரட் வருவதுண்டு. கிழங்கு வகைகளைத் தவிர்ப்போர் பழத்தைக் கேட்டுப் பெறலாம். இரண்டாவது, முதுமையில் பசி குறைகிறதே அன்றிப் புரதத்தின் தேவை குறைவதில்லை. 65 வயது கடந்தோர் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் கொள்ள வேண்டும் என்று பன்னாட்டு வல்லுநர் குழு 2013இல் பரிந்துரைத்தது. 50 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு அது 50 முதல் 60 கிராம். சிறுநீரக நோயுடையார்க்கு இக்கணக்குப் பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்வழி நடத்தல் வேண்டும். மற்றையோர், தட்டுச் சிறியதாயின் அதில் பாலும் பருப்பும் கடலையும் இடம்பெறுமாறு பார்த்துக்கொள்ளுதல் நலம். வெளியிலிருந்து உணவு எடுத்துச் செல்ல அப்பூங்காக்களில் தடையில்லை. கண்ணாடிக் கலங்கள் கூடா. முகப்புக் கடைகளில் குடிநீர் கேட்டால் விலையின்றித் தருவர். முதுமையில் தாகவுணர்வும் குறையும் ஆதலின், கேட்டு வாங்கிப் பருகுதல் இன்றியமையாதது.

இனி அறத்தின் பக்கம் வருவோம். முதியவர் சிறுவர் தட்டு வாங்குவது பொய்மையா, களவா? விடை தட்டில் இல்லை, சொல்லில் இருக்கிறது. எவர்க்கும் விற்கும் இடத்தில், "இது எனக்கு" என்று வெளிப்படையாகச் சொல்லி வாங்குவதில் எள்ளளவும் குற்றமில்லை. மேசை உணவகத்தில், "முதியவர் சிறிதே உண்பார், இதனைத் தர இயலுமா?" என்று கேட்டு, அவர்கள் இசைந்தால் வாங்குவதும் குற்றமில்லை. ஆனால் அங்கே பேரனின் பெயரைச் சொல்லிக் கூடுதலாக ஒரு தட்டை வரவழைத்துப் பாட்டியின் முன் நகர்த்துவது பொய். பத்து வயது நிரம்பிய பெண்ணை ஒன்பது என்று சொல்லிப் பஃபேக்குள் அழைத்துச் செல்வது அதனினும் தீது. மிச்சமாவது சில டாலர். ஆனால் அருகில் நிற்கும் அக்குழந்தைக்குத் தன் வயது தெரியும். பெரியோர் பணத்துக்காகப் பொய் சொல்வர் என்பதை அது அன்று கற்றுக்கொள்கிறது. அணுவிரதங்கள் ஐந்தனுள் வாய்மைக்கும் கள்ளாமைக்கும் உரிய இடத்தை இந்த அவைக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அளவில் குறைய உண்பது சமண நெறிக்குப் புதிய செய்தியும் அன்று. தத்துவார்த்த சூத்திரம் கூறும் புறத்தவம் ஆறனுள், உண்ணாமையாகிய அனசனத்துக்கு அடுத்தபடியாக நிற்பது அவமோதரியம். அதாவது வயிறு நிறையாமல் உண்ணுதல். ஆடவர்க்கு முப்பத்திரண்டு கவளம், பெண்டிர்க்கு இருபத்தெட்டு கவளம் நிறையுணவு என்று கணக்கிட்டு, அதனின்றும் ஒரு கவளம் குறைப்பதுகூட அத்தவத்தில் சேரும் என்று ஆசாரிய மரபு வகுத்துள்ளது. எனினும் இங்கு ஒரு நுட்பம் உண்டு. முதுமையால் உண்ண இயலாமை தவம் ஆகாது. காசை மிச்சப்படுத்தக் குறைத்து உண்பதும் தவம் ஆகாது. தன் அளவை அறிந்து, அதனை நாணமின்றி ஏற்று, பிறருடைய பெரிய தட்டைக் கண்டு ஏங்காமல் எழுவதில்தான் அத்தவத்தின் வாயில் இருக்கிறது.

நாணம் என்ற சொல்லோடு இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூங்காவின் முகப்புக் கடையில் முதிய தந்தை சிறுவர் தட்டைச் சுட்டிக்காட்டும்போது மகனின் முகம் வாடுகிறது. "அப்பா, இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதுவா? விலையைப் பார்க்காதீர்கள், பெரியதையே வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறான். அவன் சொல்வது அன்பினால், ஐயமில்லை. ஆனால் தந்தை பார்த்தது விலையை அன்று, தம் வயிற்றை. மகனின் மனம் நோகலாகாது என்று அவர் பெரிய தட்டை ஏற்கிறார். பாதியை உண்டு, மீதியைக் குப்பையில் இடும்போது, உணவை வீணாக்கலாகாது என்று வாழ்நாள் முழுதும் பிள்ளைகளுக்குச் சொன்ன அவர் எவரையும் நோக்காமல் தலைகுனிகிறார். பெருமைக்காக வாங்கிய தட்டு அவருடைய பெருமையையே குறைத்துவிட்டது. சிறிய தட்டு போதாவிடின் மீண்டும் ஒன்று வாங்கலாம். பெரிய தட்டில் இட்டதை மீண்டும் கடைக்குத் தர இயலாது. இருவர் ஒரு முழுத் தட்டைப் பகிர்ந்துகொள்வதும் நல்வழியே. அங்கு அதனை எவரும் தடுப்பதில்லை.

பெற்றோர்க்கு உணவு வாங்கித் தருமுன் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு வேண்டும்?" என்பதே, கடைக்காரரைக் கேட்க வேண்டியது "இதனைப் பெரியவர்க்குத் தருவீர்களா?" என்பதே. முதற் கேள்வியில் முதுமைக்கு மதிப்பு இருக்கிறது. இரண்டாவதில் வாய்மை இருக்கிறது. இவ்விரண்டையும் கேட்டபின் முன்னே வைக்கப்படும் தட்டு சிறிதாயினும் பெரிதாயினும், அதனை உண்பவர் தலைநிமிர்ந்து உண்ணலாம்.