மணமும் குணமும்

'இந்த மணம் அடக்கமான பெண்ணுக்கு, அந்த மணம் துணிவுடையவளுக்கு' என வணிகர் வகுத்துரைப்பர். புனேயில் வாழும் நாம் மோக்ரா, கஸ், கேவடா என்று கேட்டு வாங்கும் அத்தர்கள், முறையே நம் மல்லிகையும் வெட்டிவேரும் தாழையுமேயாம். அம்மல்லிகையின் இனமான பிச்சியைக் கூந்தலில் சூடுவதை நம்மவர் அடக்கத்தின் அழகென்பர். அப்பிச்சியே 1921இல் பாரிசில் வெளிவந்த 'ஷனேல் 5' வாசனைத் தைலத்தில் கலந்து, புதுமைப் பெண்ணின் மணமெனப் பெயர் பெற்றது. மலர் ஒன்றே, குணம் சூடுபவருடையது.

ஆதலின் புட்டியின் புகழுரையை நம்பாது, மணிக்கட்டில் ஒரு துளி இட்டு அரைமணி பொறுத்திருப்போம். முதல் மணம் விரைவில் அகலும்; உடற்சூட்டில் எஞ்சி நிற்பதே நம்முடன் வருவது. அதனை மனம் ஏற்குமாயின், அதுவே நமக்குரியது.