வள்ளத்தின் அடியில் ஒரு செவி



கடலின் ஆழத்தை முன்னாளில் மாலுமிகள் எவ்வாறு அறிந்தனர் என்பது உங்களுட் பலருக்குத் தெரிந்ததே. கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு ஒன்றைக் கட்டி நீரில் இறக்குவர். குண்டு தரையைத் தொட்டதும் கயிறு தளரும். நனைந்த கயிற்றை இரு கைகளையும் விரித்து அளந்து, 'இவ்விடம் ஏழு பாகம்' என்பர். குண்டின் அடியிற் பூசிய கொழுப்பில் ஒட்டி வருவது மணலா, சேறா என்று நோக்கித் தரையின் இயல்பையும் உணர்வர்.

இன்று அவ்வேலையை ஒலி செய்கின்றது. காற்றிற் செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறக்குறைய 1,500 மீற்றர் செல்லும். ஆதலால், 15 மீற்றர் ஆழமுள்ள இடத்தில் மேலிருந்து விடுத்த ஒலி, தரையில் மோதித் திரும்பி வருவதற்குச் செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே வேண்டும். அந்நேரத்தை அளந்தால் ஆழம் விளங்கும். இடையில் மீன் நின்றால் அதன் எதிரொலி முந்தி வரும். மீன்காட்டிக் கருவியின் தத்துவம் இவ்வளவே.

இத்தத்துவம் கருவியாக உருப்பெறுவதற்கு நெடுங்காலம் சென்றது. சில பளிங்குகளை அழுத்தினால் மின் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர் 1880ஆம் ஆண்டிற் கண்டனர். அவ்வகைப் பளிங்கினால் நீரினுள் ஒலியை எழுப்பவும் கேட்கவும் கூடும் என்பதை, முதலாம் உலகப் போரின்போது பிரான்சு நாட்டுப் பௌதிக அறிஞர் லாஞ்செவின் செய்து காட்டினார். அவர் தேடியது மீனையன்று, நீர்மூழ்கிக் கப்பலை. மீன்பிடிப்போர்க்கு உதவும் கருவியை யப்பான் நாட்டின் நாகசாக்கியில் ஃபுருனோ சகோதரர் 1948ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அன்று பெருங்கலங்களுக்கு உரியதாயிருந்த கருவி, இன்று கையடக்கமாகிக் கயாக் என்னும் சிறு துடுப்பு வள்ளத்திலும் ஏறிவிட்டது.

கயாக், வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்கள் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்து அமைத்த வேட்டைக் கலம். இன்று தூண்டிற்காரர் செலுத்தும் கயாக்கோ பெரும்பாலும் பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக்கில் உள்ளே வெற்றிடமாக வார்க்கப்பெற்றது. அதில் மீன்காட்டியைப் பொருத்துவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். கருவிக்குத் திரை, மின்கலம், ஒலிமாற்றி என மூன்று உறுப்புகள் உண்டு. திரையைத் தெரிவதிற் காட்டும் கவனத்தை ஒலிமாற்றியைப் பொருத்துவதிற் பலர் காட்டுவதில்லை. அதுவே வாயும் செவியும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். கிழக்குக் கரையில் விடுமுறைக்குச் சென்றிருந்த அவர், தம் கயாக்கில் ஒலிமாற்றியை ஒட்டிக்கொண்டு ஒரு காலை புறப்பட்டார். திரையில் ஆழம் தோன்றிற்று, மறைந்தது. மீன் ஒன்றுமே தோன்றவில்லை. இங்கு மீன் இல்லை என எண்ணி அப்பாற் சென்றார். அங்கும் வெறுந்திரை. பின்னும் அப்பாற் சென்றார். அதற்குள் கச்சான் எழுந்தது. கிழக்குக் கரையிற் கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று என்பதை அங்குள்ள சிறுவரும் அறிவர். அரைமணியிற் சென்ற தூரத்தைத் திரும்பிக் கடக்க அவருக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. கரையேறியபின் ஒலிமாற்றியைப் பெயர்த்துப் பார்த்தோம். பசையில் மிளகளவான குழிகள் நான்கைந்து இருந்தன. அவை காற்றுக் குமிழிகள். கடலில் மீன் இல்லாமலில்லை. கருவியின் செவியே அடைபட்டிருந்தது.

சிறு குமிழி இத்துணைப் பெருங்கேட்டை விளைப்பது எவ்வாறு? நீரிலிருந்து காற்றுக்குள் நுழைய முயலும் ஒலியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே உட்புகும்; எஞ்சியது திரும்பிவிடும். பொலித்தீனோ ஒலியைக் கடத்துவதில் நீரைப் பெரிதும் ஒத்தது. ஆதலால், கயாக்கின் அடித்தட்டைத் துளையாமலே அதனூடாக ஒலியைச் செலுத்தலாம். ஆனால் ஒலிமாற்றிக்கும் தட்டுக்கும் இடையிற் காற்று இருத்தலாகாது. ஒரு விந்தையும் இங்கே உண்டு. பல மீன்கள் திரையில் நன்கு தோன்றுவதற்குக் காரணம், அவற்றின் வயிற்றிலுள்ள காற்றுப்பை ஒலியைத் திருப்புவதே. அப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் மங்கலாகவே தோன்றும். மீனின் வயிற்றிலிருந்து நமக்கு உதவும் காற்று, நம் பசையில் இருந்தால் நம்மைக் குருடாக்குகின்றது.

பொருத்தும் முறைகள் மூன்று. வள்ளத்தின் பக்கத்திலிருந்து ஒரு கோலை நீருள் இறக்கி, அதன் நுனியில் ஒலிமாற்றியைப் பூட்டுவது ஒன்று. ஒலி தடையின்றிச் செல்லும். ஆனால் கோல் பாசியில் மாட்டும், துடுப்பை இடறும். தட்டில் தேங்கும் நீர் வடிவதற்கென அமைந்த துளையின் கீழ்ப்புறத்திற் பொருத்துவது மற்றொன்று. இதற்கென்றே இடம் அமைத்த கயாக்குகள் உண்டு. எனினும், மணலில் வள்ளத்தை இழுக்கும்போது ஒலிமாற்றி தேய்ந்து உடையாதபடி காத்தல் வேண்டும். மூன்றாவது, நான் முன்னர் கூறியவாறு உட்புறத்தில் ஒட்டுவது. வெளியே ஒன்றும் நீட்டிக்கொண்டிராமையால், கரையில் இழுத்தேற்றும் வள்ளத்துக்கு இதுவே ஏற்றது. ஆனால் நீரின் வெப்பநிலையை இது செம்மையாகக் காட்டாது. தரையைப் படம்போலக் காட்டும் மிக உயர்ந்த அதிர்வெண் கருவிகளும் தட்டினூடே நன்கு இயங்கா. அவற்றை நீரில் இறக்கியே ஆகவேண்டும்.

உட்புறத்தில் ஒட்ட முற்படுவோர் முதலில் இடத்தைத் தேர்ந்துகொள்க. முன்நுனி ஆகாது, அலையில் அது நீரைவிட்டு எழும். இருக்கைக்கு அண்மையில், மேடுபள்ளமற்ற இடமாக, எப்போதும் நீரில் அமிழ்ந்திருக்கும் பகுதியே தக்கது. ஒட்டுமுன் சோதித்தல் நன்று. வள்ளத்தை நீரில் விட்டு, தெரிந்தெடுத்த இடத்திற் சிறிது நீர் ஊற்றி, ஒலிமாற்றியை அதில் வைத்துத் திரையைப் பாருங்கள். பின்னர் அதை வள்ளத்துக்கு வெளியே நேரே நீரிற் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் இடம் சரி.

அடுத்து, அவ்விடத்தைச் சாராயத்தினால் துடைத்து, நன்கு உலரவிட்டு, மெல்லிய அரத்தாளினால் சிறிது உரோஞ்சுக. பொலித்தீனில் எப்பசையும் இலகுவில் ஒட்டாது. இறுகியபின்னும் நெகிழ்வுள்ள கடற்பாவனைப் பசையே நன்று. பசையைத் தாராளமாக இட்டு, ஒலிமாற்றியைச் சற்றே திருகியவண்ணம் அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று ஓரத்தால் வெளியேறும். அது நேர் கீழ்நோக்கி இருத்தல் முக்கியம். கதிர் 20 பாகை விரியும் கருவியானால், 12 மீற்றர் ஆழத்தில் அது காண்பது ஏறக்குறைய நான்கு மீற்றர் அகலமான வட்டமே. சாய்த்து ஒட்டினால் அவ்வட்டம் வள்ளத்தின் கீழன்றிப் பக்கத்தில் விழும். பின்னர் ஒரு நாளுக்கு மேலாக அசையாது உலரவிடுக. பசையை விரும்பாதோர், நீர் ஊறாத கடற்பஞ்சு வகையில் ஒரு வளையம் வெட்டித் தட்டில் ஒட்டி, அதனுள் ஒலிமாற்றியை வைத்து, புறப்படும் ஒவ்வொரு முறையும் சிறிது நீர் ஊற்றிக்கொள்ளலாம். நீர் காற்றை நீக்கிவிடும்; ஒலிமாற்றியையும் வேண்டும்போது எடுக்கலாம்.

ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகின்றேன். நீர்மட்டத்துக்குக் கீழே தட்டில் எக்காரணம்கொண்டும் துளையிடாதீர்கள். உட்புறம் வெற்றிடமான வள்ளத்தினுள் நீர் ஓசையின்றிப் புகும். இருப்பவர் உணருமுன் வள்ளம் தள்ளாடும். கம்பியை மேற்றட்டின் வழியாகவே கொண்டுசென்று, துளையை இறுக்கமாக அடையுங்கள். 12 வோல்ற் மின்கலத்தை நீர்புகாப் பெட்டியில் வைத்து, மின்கலத்துக்கு அண்மையில் ஓர் உருகி அமையுங்கள்.

நேயர்களே, திரை வெறுமையாய் இருந்தால் கடல் வெறுமை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் உங்கள் கருவியின் செவியைச் சோதியுங்கள். ஐயமிருந்தால் ஒரு தூண்டில் நூலில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கிப் பாருங்கள். கருவி கூறும் ஆழமும் குண்டு கூறும் ஆழமும் ஒத்திருக்க வேண்டும். பழைய ஈயக்குண்டு புதிய கருவிக்கு இன்றும் சாட்சி சொல்ல வல்லது. அதைச் சட்டைப்பையிலும், உயிர்காப்பு அங்கியை உடலிலும், காற்றின் திசையை நினைவிலும் கொண்டு செல்வோர் மீனின்றித் திரும்பினாலும் நலமாகத் திரும்புவர்.