அரசு இல்லாத நாட்டில் வியாபாரம்: சோமாலியாவின் கதை

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சோமாலியா என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை. இயந்திரத் துப்பாக்கி பொருத்திய ஒரு வண்டி. கொஞ்சம் பிந்திய செய்தி படித்தவர்களுக்கு, கடற்கொள்ளைக்காரன். இந்தப் படங்கள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1991லிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் நாடு முழுவதையும் ஆளும் ஓர் அரசு அங்கே இல்லை. இயங்கும் வங்கி இல்லை, நீதிமன்றம் இல்லை, தபால் இல்லை. அப்படியானால் அந்த மக்கள் எதைச் சாப்பிட்டார்கள்? துறைமுகத்தில் அரிசியும் சர்க்கரையும் இறக்கியது யார்? எந்தப் பணத்தில் இறக்கினார்கள்? வியாபாரிகளான உங்கள் முன்னால் பேச எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

முதலில் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே மொழி, ஒரே மார்க்கம் கொண்ட சோமாலிய மக்களைக் காலனி ஆட்சி ஐந்து துண்டாக்கியது. வடக்கே பிரிட்டன், தெற்கே இத்தாலி, ஜிபூட்டியில் பிரான்ஸ். ஒகாடன் எத்தியோப்பியாவோடு போனது. இன்னொரு பகுதி கென்யாவுக்குள் சிக்கியது. அவர்களுடைய கொடியில் உள்ள நட்சத்திரத்துக்கு ஐந்து முனை இருப்பது இதனால்தான். 1960 ஜூலை 1ல் பிரிட்டிஷ் பகுதியும் இத்தாலியப் பகுதியும் இணைந்து சுதந்திர நாடானது. ஒன்பதே ஆண்டுகள்! 1969 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஷெர்மார்க்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்துக்குள் ஜெனரல் சியாத் பாரே ஆட்சியைப் பிடித்தார்.

பாரேயின் தொடக்க ஆண்டுகளில் நல்லதும் நடந்தது. 1972ல் சோமாலி மொழிக்கு எழுத்து வடிவம் நிலைப்படுத்தப்பட்டு, எழுத்தறிவு இயக்கம் நடந்தது. ஆனால் 1977ல் ஒகாடனை மீட்கிறேன் என்று எத்தியோப்பியா மீது படையெடுத்தார். அதுவரை பாரேக்கு ஆயுதம் கொடுத்த சோவியத் யூனியன் ஒரே நாளில் எதிரணிக்குத் தாவியது. கியூபாவின் படைகளும் எத்தியோப்பியாவுக்கு வந்தன. 1978ல் தோற்றுத் திரும்பிய பாரே அமெரிக்காவின் மடியில் போய் உட்கார்ந்தார். வல்லரசுகளுக்கு அங்கே வேண்டியிருந்தது செங்கடல் வாசலில் உள்ள பெர்பெரா துறைமுகமும் விமானத்தளமும்தான். மக்கள் அல்ல. 1988ல் பாரேயின் விமானங்கள் ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்தே கிளம்பி, அதே ஹர்கெய்சா நகரத்தின் மீது குண்டு போட்டன! சொந்த நாட்டு மக்கள், சொந்த நாட்டு முஸ்லிம்கள்.

1991 ஜனவரியில் பாரே ஓடினார். ஆயுதக் குழுத் தலைவர்கள் மொகதிசுவைப் பங்கு போட்டார்கள். 1992ல் பஞ்சம். அந்த ஆண்டு டிசம்பரில் 'நம்பிக்கையை மீட்கிறோம்' என்று அமெரிக்கப் படை இறங்கியது. 1993 அக்டோபரில் மொகதிசு தெருச்சண்டையில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்ததை ஹாலிவுட் படமாக எடுத்தது. அதே சண்டையில் இறந்த நூற்றுக்கணக்கான சோமாலியர்களுக்கு முகம்கூடக் கிடைக்கவில்லை. (இந்தியப் படைப்பிரிவு ஒன்றும் 1993–94ல் ஐ.நா. கொடியின் கீழ் அங்கே பணியாற்றியது. நம்மில் பலருக்கு இது நினைவில் இல்லை.) 1995 மார்ச்சில் ஐ.நா. படைகளும் வெளியேறின.

இனி வியாபாரத்துக்கு வருவோம்.

எழுபதுகளில் சோமாலிய இளைஞர்களும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே வளைகுடாவுக்குப் போனார்கள். சம்பாதித்த ரியாலை அங்கேயே ஒரு வியாபாரியிடம் கொடுப்பார்கள். அவர் அதைக் கொண்டு சரக்கு வாங்கி ஊருக்கு அனுப்புவார். சரக்கு விற்ற ஷில்லிங்கில் அந்த இளைஞரின் குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேரும். 'பிராங்கோ வலுட்டா' என்பது இந்த முறைக்குப் பெயர். நம் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பர்மா, மலாயா காலத்து உண்டியல் தெரிந்தவர்கள் அவர்கள். அரசு இருந்தபோதே வளர்ந்த இந்த ஏற்பாடு, அரசு விழுந்தபின் நாட்டுக்கே இரத்த ஓட்டமானது. ஹவாலா என்றால் நம் நாட்டில் 1996ல் அரசியல்வாதிகள் மாட்டிய வழக்குதான் ஞாபகம் வரும். இங்கே அது சட்டவிரோதம். அதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வங்கியே இல்லாத நாட்டில் அதுதான் வங்கி.

அது நடந்த விதத்தைக் கேளுங்கள். லண்டனிலோ மினியாபோலிஸிலோ துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெண், ஊரில் இருக்கும் தாயாருக்கு நூறு டாலர் அனுப்புகிறார். அடையாள அட்டை கிடையாது, முகவரி கிடையாது. கிராமத்து முகவர் அந்தத் தாயிடம் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என்று வம்சவரிசையைக் கேட்பார். சோமாலியப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே இதை மனப்பாடம் செய்கிறார்கள், 'அப்திர்சி' என்பார்கள். வரிசை சரியாக இருந்தால் பணம் கைக்கு வரும். முகவர் ஏமாற்றினால் அவருடைய குலமே பதில் சொல்ல வேண்டும். இப்படி ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் போய்ச் சேர்ந்தது.

இந்த நம்பிக்கை ஏற்பாட்டை மெச்சி, 'பார்த்தீர்களா, அரசே தேவையில்லை' என்று எழுதிய பொருளாதார மேதைகள் மேலை நாடுகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சோமாலியாவின் பெரிய ஏற்றுமதி ஆடு, மாடு, ஒட்டகம். ஹஜ் காலத்தில் சவூதியில் அறுக்கப்படும் ஆடுகளில் பெரும் பங்கு பெர்பெரா துறைமுகம் வழியாகப் போனவை. 1997–98 பெருமழைக்குப் பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவில் பிளவுப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற கால்நடை நோய் பரவியது. 1998ல் சவூதி தடை விதித்தது. அடுத்த ஆண்டு தடை நீங்கி, 2000ல் மீண்டும் வந்து, 2009 வரை நீடித்தது. நோய் பரவாமல் காப்பது ஒரு நாட்டின் உரிமை. அதைக் குறை சொல்ல முடியாது. பிரச்சினை என்னவென்றால், 'இந்த ஆடு ஆரோக்கியமானது' என்று கையெழுத்துப் போட அங்கே ஒரு கால்நடைத் துறை இல்லை. நூறு டாலரை முன்பின் தெரியாத கிழவியிடம் ஒழுங்காகச் சேர்த்த நம்பிக்கையால், ஒரு ஆட்டுக்குச் சான்றிதழ் வாங்கித்தர முடியவில்லை! ஒன்பது ஆண்டுகள் மேய்ப்பர்கள் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். தடை நீங்கி, மருத்துவப் பரிசோதனை நிலையங்கள் வந்தபின், 2014ல் 50 லட்சம் கால்நடைகள் ஏற்றுமதியாயின. மதிப்பு 36 கோடி டாலர் என்கிறது ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம்.

அடுத்து அல்பரகாத். நாட்டின் மிகப் பெரிய ஹவாலா நிறுவனம். தொலைபேசி வசதியும் நடத்தியது. 2001 நவம்பர் 7ல், பயங்கரவாதத்துக்கு நிதி போகிறது என்று அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது. உலகம் முழுவதும் அலுவலகங்கள் பூட்டப்பட்டன. தொலைபேசி, இணையத் தொடர்புகள் அறுந்தன. முடக்கப்பட்டது யாருடைய பணம்? அந்தத் துப்புரவுப் பெண்ணின் நூறு டாலர்! பின்னர் செப்டம்பர் 11 விசாரணை ஆணையத்தின் ஆய்வாளர்களே குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். 2008 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தராமல் முடக்கியது செல்லாது என்றது. 2012ல் ஐ.நா. பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. பதினோரு வருடம் கழித்து நியாயம் கிடைத்து என்ன பயன்? கடையைப் பதினோரு நாள் பூட்டினாலே நாம் என்னாவோம் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று வாஷிங்டனில் போய்ப் பேச அந்த நிறுவனத்துக்கு ஒரு தூதரகம்கூட இல்லை. 2013ல் பார்க்லேஸ் வங்கியும் பணம் அனுப்பும் நிறுவனங்களின் கணக்குகளை மூடப்போவதாக அறிவித்தது. தஹப்ஷீல் நிறுவனம் லண்டன் நீதிமன்றம் போய்த் தடை வாங்க வேண்டியிருந்தது.

வியாபாரிகள் எல்லாரும் அப்பாவிகள் என்றும் நினைக்க வேண்டாம். ஆயுதக் குழுத் தலைவர்களுக்குக் கப்பம் கட்டிக் கொழுத்தவர்கள் உண்டு. கருவேலங்காட்டை வெட்டிக் கரியாக்கி வளைகுடாவுக்கு விற்றவர்கள் உண்டு, 2012ல் ஐ.நா. அதைத் தடை செய்தது. மத்திய வங்கி செத்துப்போன நாட்டில் சொந்தமாக நோட்டு அச்சடித்து இறக்கியவர்களும் உண்டு. புழக்கத்தில் இருந்த ஷில்லிங்கில் 98 சதவீதம் கள்ள நோட்டு என்று சர்வதேச நிதியம் கணக்கிட்டது. மக்கள் கைப்பேசிப் பணத்துக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு நேர் எதிராக வடக்கைப் பாருங்கள். 1991 மேயில் சோமாலிலாந்து தனியாகப் பிரிந்தது. 1993ல் போரமா நகரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி எகாலைத் தலைவராக்கினார்கள். அவருக்கு அந்நிய உதவி கிடைக்கவில்லை. ஹர்கெய்சா வணிகர்கள் கடன் கொடுத்தார்கள். அதைக் கொண்டு துப்பாக்கி ஏந்திய இளைஞர்களைச் சம்பளப் பட்டியலில் சேர்த்து ஆயுதங்களை ஒப்படைக்க வைத்தார். வணிகர்கள் சும்மா கொடுக்கவில்லை, வரிச்சலுகை வாங்கிக்கொண்டார்கள். இருந்தாலும் துறைமுகம் திறந்தது, சந்தை நடந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த நாட்டின் அங்கீகாரமும் இல்லாமலே அது தாக்குப்பிடித்தது.

தெற்கில் வேறு கதை. 2006ல் இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியம் மொகதிசுவில் சாலைத் தடைகளை அகற்றியது. வணிகர்களின் ஆதரவு அதற்கு இருந்தது. அந்த டிசம்பரிலேயே அமெரிக்க ஆதரவுடன் எத்தியோப்பியப் படை நுழைந்து அதைக் கலைத்தது. அந்த ஆக்கிரமிப்பின் கோபத்தில் வளர்ந்ததுதான் அல்ஷபாப். இளைஞர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்நியப் படையை எதிர்க்கிறோம் என்று கிளம்பியவர்கள், ஸகாத் என்ற பெயரில் வியாபாரியிடமும் மேய்ப்பரிடமும் துப்பாக்கி முனையில் வசூலித்தார்கள். 2011 பஞ்சத்தில் சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள்; பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அப்போது நிவாரண அமைப்புகளை உள்ளே விடாமல் தடுத்தது அல்ஷபாப். உதவி அவர்கள் கைக்குப் போய்விடும் என்று சட்டம் காட்டி உதவியைச் சுருக்கியது அமெரிக்கா. இரண்டு பக்கமும் சேர்ந்துதான் அந்தக் குழந்தைகளைப் பட்டினி போட்டார்கள். 2017 அக்டோபர் 14ல் மொகதிசுவின் நெரிசலான சந்திப்பில் வெடித்த லாரி 580க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கடைக்காரர்கள், மாணவர்கள், பேருந்துப் பயணிகள். அதற்குப் பொறுப்பேற்கக்கூட யாரும் முன்வரவில்லை.

2012ல் ஐ.நா. ஆதரவோடு கூட்டாட்சி அரசு அமைந்தது. அதன் தலையில் விழுந்த முதல் சுமை பாரே காலத்துக் கடனும் அதன் வட்டி பாக்கியும். 1991க்குப் பிறகு பிறந்தவர்கள் அந்தக் கடனில் ஒரு டாலரைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. வரவுசெலவை ஒழுங்குபடுத்து, வரி வசூலி என்று பல ஆண்டுகள் நிபந்தனை விதித்து, 2023 டிசம்பரில்தான் 450 கோடி டாலர் தள்ளுபடியானது. கைப்பேசிப் பண நிறுவனத்துக்கு மத்திய வங்கி முறையான உரிமம் கொடுத்தது 2021ல். மொகதிசு துறைமுகத்தை 2014 முதல் துருக்கி நிறுவனம் ஒன்று நடத்துகிறது. பெர்பெராவுக்குத் துபாய் நிறுவனம் 2016ல் ஒப்பந்தம் போட்டது. முஸ்லிம் நாடுகள்தானே என்று நாம் சந்தோஷப்படலாம். ஆனால் துறைமுக வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கை மொகதிசு வியாபாரி கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க இப்போது அவருக்கு ஒரு நிதி அமைச்சகமாவது இருக்கிறது.

நேரம் ஆகிவிட்டது. சூடான், ஏமன் பற்றிச் சீட்டு அனுப்பியவர்களுக்குக் கேள்வி நேரத்தில் பதில் சொல்கிறேன்.