எந்தக் கடலில் மூழ்குவது?



கோடை விடுமுறையில் குடும்பத்தோடு எங்கே செல்வது என்னும் வினாவிற்கு எங்கள் இளமையில் விடை எளிதாகக் கிடைத்தது. பாட்டன் வீடு எந்த ஊரில் இருந்ததோ அதுவே விடுமுறைக்குரிய ஊர். கடலாட விரும்பினால் இராமேசுவரம். அக்கினி தீர்த்தத்தில் இடுப்பளவு நீரில் நின்று, மும்முறை தலைமுழுகிக் கரையேறினால் கடலுக்கும் நமக்கும் உள்ள உறவு நிறைவெய்திவிடும். 14 வயதுள்ள என் பேத்திக்கு அவ்வளவு உறவு போதவில்லை. "தாத்தா, கடலின் அடியிலே போய், அங்கேயே மூச்சுவிட்டுக்கொண்டு மீன்களைப் பார்க்கவேண்டும்" என்றாள். கே.கே. நகரில் இருக்கும் எங்களுக்கு விமான நிலையம் அண்மையில் உள்ளது. கடலோ நாகப்பட்டினம் வரை சென்றாலன்றிக் கண்ணிற்படாது. எனினும் கேட்டவள் பேத்தி. ஆதலின் எந்தக் கடலில் மூழ்குவது என்பதனை ஆராயும் பொறுப்பு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியனாகிய என் தலையில் வந்து விழுந்தது.

நீரினடியில் மூச்சுவிடுதற்குரிய கருவியினை ஸ்கூபா என்பர். பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த கூஸ்தோவும், கஞான் என்னும் பொறியியலறிஞரும் 1943-ஆம் ஆண்டில் இதன் இன்றைய வடிவத்தை ஆக்கினர். முதுகிலே இறுக்கமான காற்று அடைத்த உருளை. வாயிலே ஒரு குழாய். மூழ்குபவன் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்றவாறு காற்றை அளந்து தரும் அடைப்பான். கருவியின் சூட்சுமம் முழுவதும் அவ்வடைப்பானில் அடங்கியுள்ளது. இதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் தென்கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்களுக்கு ஒரு கல்லும் ஒரு கயிறும் அடக்கிய மூச்சுமே கருவிகளாக இருந்தன.

இடத்தைத் தேடப் புகுந்தபோது முதலில் அந்த முத்துக்குளிப்பாளர்களையே நான் நினைத்துக்கொண்டேன். இக்காலத்து விளம்பரப் படங்களில் எல்லாக் கடலும் எல்லா மாதங்களிலும் நீலமணி போலத் தெளிந்தே இருக்கின்றது. முத்துக்குளித்தவர்களுக்கோ கடல் மாதத்திற்கொரு முகம் காட்டிற்று. 13-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடங்கி மே மாதத்தின் நடுப்பகுதி வரையில் முத்துக்குளிப்பு நடப்பதாக எழுதிவைத்தார். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே அப்பக்கத்தில் நடைபெற்ற கடைசி முத்துக்குளிப்பு வரிசை. வாடைக்காற்று ஓய்ந்து தென்மேற்குக் காற்று எழுவதற்குமுன் உள்ள அந்த இடைக்காலத்தில்தான் நீர் அமைதியுற்றுத் தெளியும். நம் பள்ளிக்கூடங்களின் கோடை விடுமுறையின் முற்பகுதியும் அதனோடு பொருந்தி வருவது நம் நற்பேறு. டிசம்பர் விடுமுறையில் மூழ்கலாம் என்று என் மருமகர் முதலில் எழுதியிருந்தார். வடகிழக்குப் பருவமழையிலே நம் கிழக்குக் கடற்கரை எவ்வாறு இருக்கும் என்பதனை 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாளிரவில் தனுஷ்கோடியை இழந்த நாம் மறக்கலாகாது. புயல் இல்லாத ஆண்டிலும் அக்காலத்து நீர் ஆற்று வண்டலால் கலங்கியே கிடக்கும்.

காலம் முடிவாயிற்று. இனி இடம். இராமேசுவரத்தின்மேல் எனக்குள்ள பற்றினை மறைப்பதற்கில்லை. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. அவ்வூர் மீனவர் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் வழங்குவர். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும்போது பெண் கடல் அடங்கியிருக்கும். வாடை வீசும்போது நிலைமை மாறிவிடும். ஒரே தீவின் இருபுறத்தும் இருவேறு கடல்கள் இருத்தல் வியப்பன்றோ? மன்னார் வளைகுடாவில் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரையில் 21 தீவுகள் நிரல்பட நிற்க, அவற்றைச் சூழ்ந்து பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. அப்பரப்பு 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. சுண்ணாம்பிற்காகப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டி எடுத்த கொடுமையால், தீவுகளுள் இரண்டு நீரில் அமிழ்ந்தே போயின. எஞ்சியவற்றைக் காக்கும்பொருட்டு, வனத்துறையின் இசைவின்றி அத்தீவுகளில் எவரும் கால்வைத்தல் ஆகாது என்பது சட்டம். நினைத்த இடத்தில் குதித்து மூழ்குவதற்குரிய கடல் அன்று அது. அங்கே கண்ணாடி அடித்தளமுள்ள படகிலமர்ந்து பவளத்தைக் காணலாம். நீந்தத் தெரியாதார்க்கும் முதியோர்க்கும் அதுவே பெருங்காட்சி.

திருகோணமலையையும் எண்ணிப் பார்த்தோம். தென்மேற்குப் பருவக்காற்றை இலங்கையின் மலைகள் தடுத்து நிற்பதால், மே முதல் செப்டம்பர் வரையில் அத்தீவின் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். 1956-ஆம் ஆண்டில் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் தோழர் மைக் வில்சன் அக்கடலில் மூழ்கியபோது, கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டார். போர்ச்சுகீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய தேவாரத் தலத்தின் தூண்கள் மீன்களுக்கு இல்லமாகிக் கிடந்தன! அவற்றைக் காணவேண்டும் என்னும் ஆவல் என் உள்ளத்தில் இன்றும் உண்டு. ஆனால் முதன்முறை மூழ்கும் சிறுமிக்கு அது உரிய பள்ளியாகாது என்று ஒதுக்கினேன். அந்தமானில் 2018 முதல் சுவராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக், நம் நாட்டில் மூழ்குவார்க்குப் பெயர்பெற்ற இடம். நீர் தெளிவும் அங்கேதான் மிகுதி. அறுவர் விமானத்திற் சென்றுவரும் செலவைக் கூட்டிப் பார்த்த என் மனைவி, அந்தத் தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டாள்.

இறுதியிற் புதுச்சேரியைத் தேர்ந்தோம். அதன் கடல் பளிங்கன்று. இதனை அங்குள்ள பயிற்சியாளரே தொலைபேசியில் மறையாமற் சொன்னார். "சில நாள் 15 மீட்டர் தெரியும், சில நாள் கைந்நீட்டினால் விரல் தெரியாது, ஐயா" என்றார். அவ்வொரு வாக்கியம் எனக்கு நம்பிக்கையைத் தந்தது. ஒரு பயிற்சியாளர் ஒரே சமயத்தில் எத்தனை பேரை அழைத்துச் செல்வார் என்று வினவினேன். முதன்முறை மூழ்குபவர்க்கு ஆளுக்கொருவர் என்றார். படகிலே பிராணவாயு உருளை உண்டா என்று கேட்டேன், உண்டு என்றார். 9 வயதுப் பேரனை என்செய்வது என்றதற்கு, கடலுக்குக் கொண்டுசெல்வதற்கில்லை, குளத்திலே ஆழமில்லாத பகுதியில் கருவியோடு மூச்சுவிடப் பழக்கலாம் என்றார். முத்துக்குளிப்பில் மேலே தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்கும் வேலையை மனைவியின் உடன்பிறந்தானுக்கே கொடுப்பது நம் கரையோர வழக்கு என்பர். தங்கையின் தாலியைக் காப்பதில் அவனுக்கு மிஞ்சிய அக்கறை வேறெவனுக்கு இருக்கும்? படத்திற் காணும் நீரின் நிறத்தைவிடக் கயிறு பிடிப்பவர் யார் என்பதே பெரிது என்று எனக்குத் தோன்றிற்று.

பயிற்சியாளர் உடல்நலம் பற்றிய ஒரு படிவம் அனுப்பியிருந்தார். இதயநோய் உண்டா, காதில் சீழ் உண்டா, இளைப்பு நோய் உண்டா என வினாக்கள் நீண்டன. இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்ணும் நான் முதலிலேயே விலகிக்கொண்டேன். என் மகள் இளைப்பு நோய்க்கு எதிரே 'இல்லை' என்று குறித்திருந்தாள். சிறுவயதில் மார்கழி தோறும் அவளைத் தோளிற் சுமந்து மருத்துவரிடம் ஓடியவன் நான்.

"அது எப்போதோ இருந்தது, அப்பா. பத்தாண்டாக ஒன்றுமில்லையே" என்றாள்.

"மருத்துவர் அவ்வாறு எழுதித் தரட்டும், அம்மா. நீயாக எழுதாதே" என்றேன்.

அவள் முகம் வாடிற்று. காகிதத்தை எடுத்து வைத்துப் பாயில் விதியை அவளுக்கு விளக்கினேன். இராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்டது அது. கடல்மட்டத்தில் நம்மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ளது. நீரிலே 10 மீட்டர் இறங்கினால் அது இருமடங்காகும். அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் இருமடங்கு பருமனாக விரியும். நுரையீரல் அதனைத் தாங்காது. ஆதலாலேதான் ஸ்கூபாவில் எக்காரணத்தாலும் மூச்சை அடக்கலாகாது என்பது முதல் விதியாயிற்று. இளைப்பு நோயாளிக்கோ தாம் அடக்காமலே மூச்சுக்குழல்கள் காற்றைச் சிறைப்படுத்திவிடக் கூடும். முத்துக்குளித்தவர் மேற்பரப்பில் இழுத்த மூச்சோடு இறங்கி அதே மூச்சோடு ஏறியவர். அவர்க்கு இவ்விடர் இல்லை. மகள் கேட்டுக்கொண்டாள். 'உண்டு' என்று திருத்தினாள். மருத்துவரோ, சளி பிடிக்கும்போது அவளுக்கு இன்னும் இளைப்பு வருவதைக் கேட்டறிந்து, இசைவு தர மறுத்துவிட்டார். அவள் கரையிலிருப்பாள் என்று முடிவாயிற்று. பாடம் நன்றாக நடத்திவிட்டோம் என்னும் பெருமிதம் எனக்கு.

அன்று மாலையே பயிற்சியாளர் பேசினார். எல்லாம் கேட்டபின், "மூழ்கி எழுந்தபிறகு எங்கே செல்கிறீர்கள், ஐயா?" என்றார். பயண நிரலை நான் வகுத்திருந்த திறத்தை அவருக்கும் காட்டும் ஆசையால், "காலை பத்து மணிக்குள் கடல் முடிந்துவிடும். உடனே காரிற் புறப்பட்டு, இரவு உணவிற்குள் கோடைக்கானல்!" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "அன்றைக்கு மலையேற வேண்டாம், ஐயா" என்றார்.

காரணத்தை அவர் சொல்லத் தொடங்கியதும் எனக்கு விளங்கிற்று. நாம் இழுக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆழத்தின் அழுத்தத்தில் அது இரத்தத்திலும் தசையிலும் மிகுதியாகக் கரைகின்றது. மேலே வந்தபின் மெல்ல மெல்ல வெளியேறுகின்றது. வெளியேறுமுன் உயரமான இடத்திற்குச் சென்றால் அழுத்தம் குறைய, சோடாப்புட்டியைத் திறந்தாற்போல உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றக்கூடும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரையில் அதனால் விளையலாம். கோடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். பறக்கும் விமானத்தினுள் இருக்கும் அழுத்தமும் அத்தகையதே. ஆதலின் ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழியுமுன் விமானமேறலாகாது என்பர். 300 மீட்டருக்கு மேற்பட்ட மலைக்கும் அதே எச்சரிக்கை. இதன் அளவுகளை 1908-இல் ஹால்டேன் என்னும் அறிஞர் ஆடுகளை அழுத்த அறையிலிட்டு ஆய்ந்து வகுத்தார். அதற்கும் முன்னே, 1670-இல், காற்றகற்றிய கலத்தில் வைத்த ஒரு விரியன் பாம்பின் கண்ணுள் குமிழி ஓடியதைக் கண்டு எழுதியவர் யார் தெரியுமோ? அதே பாயில்தான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, பாதரசமிட்ட வளைகுழாயைக் கையிலேந்தி அவ்விதியைக் கற்பித்தவன் நான். அன்று காலையில் மகளுக்கும் கற்பித்தேன். மாலையில் பேத்தியை மலைமேல் ஏற்றவிருந்தேன். கடலுக்கு ஒரு தாளும் மலைக்கு ஒரு தாளுமாக எழுதியதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அன்றிரவு உணவு எனக்குச் செல்லவில்லை. முதன்முறை மூழ்குவோர் ஆழமும் நேரமும் சிறிதாதலால் இடர் குறைவே என்று அந்த இளைஞர் எனக்கு ஆறுதல் கூறினார். குறைவு என்பது இல்லை என்பதாகாது. கணக்கிலே நான் இதற்கு மதிப்பெண் தந்திருக்கமாட்டேன். கோடைக்கானல் விடுதிக்கு அனுப்பிய முன்பணத்தில் பாதி திரும்பவில்லை. மகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தை மட்டும் எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தாள்.

ஏப்ரல் இறுதியில் புதுச்சேரி சென்றோம். மீன்பிடித் தடைக்காலமாதலால் விசைப்படகுகள் கரையிலே ஓய்ந்து நின்றன. முதல்நாள் முழுவதும் குளத்திற் பயிற்சி. மறுநாள் விடியலில் பேத்தியும் மருமகரும் படகேறினர்; நானும் படகில் இருக்க இசைவு பெற்றேன். கீழிறங்கிய 25 நிமிடமும் பயிற்சியாளரின் கை அவளுடைய உருளையை விட்டு அகலவில்லை என்று பின்னர் அறிந்தேன். மேலே எனக்குத் தெரிந்தவை குமிழிகளே. அவை ஓரிடத்தில் விடாது எழுந்துகொண்டிருந்தவரை நானும் மூச்சுவிட்டேன். நீர் சற்றே கலங்கியிருந்ததாம். ஐந்தாறு மீட்டருக்கு மேல் தெரியவில்லையாம். மஞ்சட்கோடிட்ட மீன்கூட்டம் ஒன்று அவளைச் சுற்றிச் சென்றதாம். மீன்களைப்பற்றி அவள் அதிகம் பேசவில்லை. "என் மூச்சின் ஓசை மட்டுமே கேட்டது, தாத்தா. அவ்வளவு அமைதியை நான் கேட்டதேயில்லை" என்றாள். கரையில் நின்ற தாயிடம் அதனையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்றிரவும் புதுச்சேரியிலேயே தங்கி, மறுநாள் கே.கே. நகர் வந்து சேர்ந்தோம். மாலையில் மலைக்கோட்டைக்குப் போகலாம் என்று மனைவி கூறியதும், பேத்தி கையை உயர்த்தினாள். "தாத்தா, உச்சிப்பிள்ளையாரிடம் ஏறலாமா? இல்லை, அவரும் உயரமா?" என்றாள். ஊர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 80 மீட்டர், பாறை 83 மீட்டர் என்று கூட்டிக் காட்டி, இசைவளித்தேன். கூட்டலை அவள் ஒருமுறை சரிபார்த்த பின்னரே செருப்பை மாட்டினாள்.