பழிக்குப் பழியா? பரிகாரமா?

(திண்டுக்கல் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



"அந்நிய தேசம் நமக்குத் தீங்கு செய்தால் திருப்பிச் செய்வது நியாயமா?" என்று ஒரு தோழர் சீட்டெழுதிக் கேட்டிருக்கிறார். ரோஷத்தைக் கொண்டு பதில் சொல்லாமல் அறிவைக் கொண்டு யோசிப்போம்.

சர்வதேசச் சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்றுக்கு ரிட்டார்ஷன் என்று பெயர். அதாவது, தூதரைத் திரும்ப அழைப்பது, கொடுத்து வந்த சலுகையை நிறுத்துவது போன்ற, நமக்கு எப்போதுமே உரிமையுள்ள காரியங்களைச் செய்வது. மற்றொன்று ரிப்ரைசல். சாதாரணமாகச் சட்டவிரோதமான காரியத்தை, எதிரி முதலில் சட்டத்தை மீறினான் என்கிற காரணத்துக்காகச் செய்வது. அடுத்த வயல்காரனுக்குக் கைமாற்றுக் கொடுக்க மறுப்பது முதல் வகை. அவன் நம் வாய்க்காலை அடைத்ததற்காக அவனுக்குச் சேரவேண்டிய தண்ணீரை நிறுத்துவது இரண்டாம் வகை.

இரண்டாம் வகைக்குக் கட்டுப்பாடு உண்டு. 1914-ல் அங்கோலாவில் நௌலிலா என்ற இடத்தில் ஜெர்மானியர் மூவர் போர்ச்சுகீசியரால் கொல்லப்பட்டனர். அதற்காக ஜெர்மன் படை போர்ச்சுகீசியக் காவல் நிலையங்கள் பலவற்றை அழித்தது. 1928-ல் மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்: எதிரி முதலில் குற்றம் செய்திருக்க வேண்டும், பரிகாரம் கேட்டு அது கிடைக்காமல் போயிருக்க வேண்டும், பதில், குற்றத்துக்கு மிஞ்சக்கூடாது. மூன்றிலும் ஜெர்மனி தவறியது. 1945-ல் ஐக்கிய நாடுகள் சாசனம் ஆயுதப் பழிவாங்கலுக்கே இடமில்லாமல் செய்தது. ஆயுதத் தாக்குதலை எதிர்த்துத் தற்காத்துக் கொள்ளும் உரிமை மட்டும் நின்றது. கைதிகள் மேல் பழி தீர்க்கக்கூடாது என்பதும் சட்டமே.

நம் புராணத்தில் பரசுராமர் கதை என்ன? தகப்பனைக் கொன்றவர்கள் ஒரு அரசனின் மக்கள். அதற்காக க்ஷத்திரியரை இருபத்தொரு தலைமுறை அறுத்தாராம்! பிறக்காத பிள்ளை என்ன குற்றம் செய்தது? இதைப் பக்தியோடு கேட்கிறவனுக்கு அளவு என்கிற எண்ணம் எப்படி வரும்?

இனி நம்மவர் சங்கதிக்கு வருவோம். 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்களில் தமிழர் ஏராளம். கரும்புத் தோட்டத்தில் உழைத்த அவர்களுடைய சந்ததியார், டர்பன் நகரில் வெள்ளையரிடம் நிலம் வாங்கக்கூடாது என்று 1943-ல் சட்டம் வந்தது. அதே வருஷம் இந்தியச் சட்டசபை பரஸ்பரச் சட்டத்தைத் திருத்தி, எங்கள் மக்களுக்கு நீ விதிப்பதை உன் மக்களுக்கு நாங்கள் விதிப்போம் என்றது. பலன் என்ன? இங்கிருந்த தென்னாப்பிரிக்கர் மிகச் சிலரே. அடி விழ ஆளில்லை!

1946-ல் ஆசியர்களுக்குக் குடியிருப்பு எல்லை வகுக்கும் சட்டம் வந்தது. இந்தியா ஹைகமிஷனரைத் திரும்ப அழைத்தது; ஜூலையில் வியாபாரத்தை நிறுத்தியது; ஐக்கிய நாடுகள் சபையில் முறையிட்டது. டிசம்பர் 8-ந் தேதி 32-க்கு 15 ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா உடனே திருந்திவிடவில்லை. இந்தியாவின் தடை 1993 வரை நீடித்தது. எல்லா நிறத்தாரும் ஓட்டுப்போட்ட தேர்தல் 1994-ல்தான் நடந்தது. அந்நாட்டு மக்களின் போராட்டத்தோடும் உலகத்தார் நெருக்கலோடும் சேர்ந்தே நம் தடை பலன் கொடுத்தது. அதற்காக ஒரு வெள்ளைக்காரக் குழந்தையையும் நாம் அடிக்கவில்லை.

இது பூட்டுக்குப் பேர்போன ஊர். சாவியில்லாத பூட்டை எவனாவது வாங்குவானா? எதிரி தவறை நிறுத்தினால் நாமும் நிறுத்தக்கூடியதாகப் பதில் இருக்க வேண்டும். வியாபாரத் தடையை எடுத்துவிடலாம். செத்தவனை எழுப்ப முடியாது.

கடைசியாக ஒன்று. டர்பனில் நம்மவருக்குத் தனியிடம் ஒதுக்கினால் கொதிக்கிறோமே, அதே 1946-ல் நம் கிராமங்களில் சேரி எங்கே இருந்தது? அங்கே செய்தால் நிறத்திமிர், இங்கே செய்தால் ஆசாரமா? 1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்ததென்று எழுதியாயிற்று. ஆனாலும் ஊர் வேறு, சேரி வேறு என்பது ஒழிந்ததா? ஒருவன் செய்த காரியத்துக்குச் சேரி முழுவதையும் கொளுத்துகிற புத்தி பரசுராமர் புத்தியல்லாமல் வேறென்ன?

ஆகவே தோழர்களே! திருப்பிச் செய்வது எதிரியைத் திருத்துவதற்கே; நம் ஆத்திரம் தீருவதற்கல்ல. யார் மேல் விழுகிறது, எவ்வளவு விழுகிறது, எப்போது நிற்கும் என்று கேளுங்கள். நான் சொன்னதையும் அப்படியே நம்பாமல் உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து முடிவு செய்யுங்கள்.