ஒரு மெக்கானிக்கை நினைவுகூர்வோம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இத்தகைய மேடைகளில் நாம் பெரும்பாலும் மார்க்க அறிஞர்களையும் கொடை வள்ளல்களையுமே நினைவுகூர்வது வழக்கம். இன்று ஒரு மெக்கானிக்கைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறோம். அவர் நம் ஊரைச் சேர்ந்தவர் அல்லர். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவரும் அல்லர். கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்த ஜி.டி.நாயுடு அவர்களே அவர். 'விஞ்ஞானி', 'தொழிலதிபர்' என்றெல்லாம் அவரை நூல்கள் அழைக்கின்றன. அவரை மெக்கானிக் என்றே அழைப்பதில் நமக்கு ஒரு நோக்கம் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

தாயை இளமையிலேயே இழந்தவர். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. தந்தையின் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த அந்த இளைஞர், வருவாய்த்துறையைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேய அதிகாரி ஊருக்குள் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். 1912ஆம் ஆண்டின் ரட்ஜ் வண்டி அது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தானே ஓடுகிறதே என்று ஊரே வியந்திருக்கும். வியந்தவர்கள் வீடு திரும்பினார்கள். இவரோ கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் பைசா பைசாவாகச் சேர்த்து, முந்நூறு ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் ஊர்வலம் வந்து பெருமை பேசவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் பட்டறையில் ஒரு நாளாவது நின்றவர்களுக்கு இதன் கடினம் புரியும். கற்றுத்தர உஸ்தாத் இல்லை. பார்த்துப் படிக்கத் தமிழில் நூல் இல்லை. ஒரு வாஷர் தொலைந்தால் வாங்கக் கடை இல்லை. அக்கால வண்டிகளில் பேட்டரி கிடையாது; என்ஜினோடு சுழலும் மேக்னட்டோ என்னும் காந்தக் கருவியே பொறியை எழுப்ப வேண்டும். பிஸ்டன் மேலே வரும் சரியான கணத்தில் அந்தப் பொறி விழாவிட்டால் என்ஜின் இருமும், அல்லது உதைக்கும்; ஓடாது. எது எதனோடு எந்தக் கணத்தில் சேர வேண்டும் என்பதைக் கையால் தடவித் தடவித்தான் அவர் அறிந்திருக்க வேண்டும். அவருடைய பல்கலைக்கழகம் அந்த ஒரே வண்டிதான்.

இடையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிப் பொருளை இழந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மீண்டும் தமக்குத் தெரிந்த தொழிலுக்கே வந்தார். ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920இல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டினார். அக்காலச் சாலைகளில் வண்டி நடுவழியில் நிற்பது சாதாரணம். ஓட்டுநரே மெக்கானிக்காகவும் இருந்தால் பயணி காத்திருக்க வேண்டியதில்லை அல்லவா? அந்த ஒரு பஸ் யு.எம்.எஸ். என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. பின்னர் மின்சார சவரக்கருவி செய்தார்; 1937இல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து நம் நாட்டின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். 1952இல் இருவர் அமரும் ஒரு சிறு காரை இரண்டாயிரம் ரூபாய் விலையில் கொண்டுவந்தார். உற்பத்தி செய்ய உரிமம் கிடைக்கவில்லை. 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் காலமானார்.

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற அவரே காரணமாயிருந்தார். அதன் முதல்வராகவும் இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. நான்காண்டுப் படிப்பு எதற்கு, கைவேலையோடு கற்பித்தால் இரண்டாண்டு போதும் என்பது அவர் வாதம். அரசு இணங்காதபோது பதவியை விட்டு விலகினார். அவர் சொன்னதில் நியாயம் உண்டென்றே நாம் கருதுகிறோம். ஆயினும் முழுவதும் உடன்பட இயலவில்லை. ஏனெனில் அவரைப் போன்ற ஒருவருக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிறது.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். மேல்சித்தாமூரிலும் செஞ்சியிலும், திண்டிவனம், திருவண்ணாமலைச் சாலையோரப் பட்டறைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளை நாம் அறிவோம். பத்து வயது மூத்தவரை 'அண்ணே' என்றழைத்துக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, என்ஜின் இறக்கிப் பூட்டும் வரை வந்துவிடுகிறார்கள். ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பெண் கேட்டுப் போனால், "மாப்பிள்ளை பட்டறையிலா இருக்கிறார்?" என்று நம் வீடுகளிலேயே முகம் சுளிக்கிறோம். அந்தப் பிள்ளை மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, ஒளூச் செய்து, மக்ரிபுக்கு ஓடி வருகிறான். உடுப்பில் எண்ணெய்க் கறை இருப்பதால் கடைசி ஸஃப்பில், ஓரத்தில் நிற்கிறான். முன்னால் இடம் இருந்தும் அவனை நாம் அழைத்ததில்லை. இதைச் சொல்லும் நாமும் அழைத்ததில்லை.

இரும்பை வளைத்துக் கவசம் செய்த தாவூத் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களை நாம் அறிவோம். இயந்திரக் கருவிகளை எப்படிச் செய்வது என்று படங்களோடு 1206இல் நூல் எழுதி முடித்த அல்ஜஸரீ, தம் கையால் கருவிகளைச் செய்தவர். நமது வரலாற்றில் கைத்தொழில் தாழ்ந்திருந்ததில்லை, நாம்தான் தாழ்த்திவிட்டோம். மெக்கானிக் என்ற சொல்லையே முதலில் நாம் பிடித்துக்கொண்டதன் நோக்கம் இதுதான்.

இன்னொரு கவலையும் உண்டு. 2014இல் அம்பாசிடரும் மாருதி 800ம் உற்பத்தி நின்றன. கார்புரேட்டரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்த காலம் போய்விட்டது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி வந்தபின், புது வண்டியின் கோளாறைக் கணினியில் பொருத்திப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார்கள். மின்சார வண்டிகளும் வந்துவிட்டன. காதால் கற்ற பிள்ளை இந்தக் கருவிகளைக் கற்காவிட்டால், நாற்பது வயதில் அவன் கையிலுள்ள தொழில் அவனைவிட்டுப் போய்விடும். பத்தாம் வகுப்பு முடித்தவர்களை ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டாண்டுப் படிப்புதான், நாயுடு கேட்ட அதே இரண்டாண்டு. பட்டறையை விட வேண்டியதில்லை. விடுமுறையில் அங்கும் போகலாம்.

ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஜாக்கி நழுவிக் கால் போனாலும், கண்ணில் இரும்புத்துகள் தெறித்தாலும் இவர்களுக்கு ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, பி.எப்.பும் இல்லை. ஆனால் அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கென்று தமிழக அரசின் தனி நலவாரியம் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயதுக்குட்பட்டோர் பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப்பின் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்க மறந்தால் பயன் கிடைக்காமல் போகலாம் என்பதையும் நினைவில் கொள்ளவும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு வந்தால், ஜும்ஆவுக்குப் பின் விண்ணப்பம் நிரப்பித்தர நமது நிர்வாகிகள் பள்ளிவாசல் முன்கூடத்தில் அமர்ந்திருப்பார்கள். வேலை உடுப்போடு வரலாம்.