நெய்கிறவருக்குப் பங்கு வேண்டும்

பெரியோர்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தம்பிமாரே!

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது அது. தொழிலாளி நிறுவனங்களில் பங்கு பெற்று, அதன் வழியாக நிர்வாகத்திலும் இடம்பெற வேண்டும் என்று அந்தச் சட்டமே தன் நோக்கமாக எழுதி வைத்திருக்கிறது. பங்கு கேட்டால் பேராசை என்று நம்மை யார் சொல்ல முடியும்?

கொடுத்த கதையும் இந்த நாட்டில் உண்டு. ஜனாதிபதி பிரேமதாச காலத்தில் மக்கள்மயம் என்று சொல்லி, பஸ் டிப்போ ஊழியருக்குப் பாதிப் பங்கை எழுதிக் கொடுத்தார்கள். அது நிலைக்கவில்லை; 2005 இல் இலங்கைப் போக்குவரத்துச் சபையைத் திரும்பவும் அமைக்க வேண்டி வந்தது. தொண்ணூறுகளில் பெருந்தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது தொழிலாளருக்கு நூற்றுக்கு 10 பங்கு, கம்பனிக்கு 51. தோட்டத்து லயன் காம்பரா மாறியதா? நாட்சம்பளத்துக்காகத் தெருவில் இறங்குவது நின்றதா? 51 முடிவெடுக்கும், 10 கைகட்டி நிற்கும். அப்படியொரு பங்கு நமக்கு வேண்டாம்!

எப்படிப்பட்ட பங்கு வேண்டும் என்றால், கேரளத்துக் கண்ணூரைப் பாருங்கள். துண்டுக் கணக்கில் பீடி சுற்றிய ஏழைகள் அவர்கள். 1966 இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. கேரள அரசு அதை அமுலாக்கியதும் மங்களூர் முதலாளிமார் கண்ணூர்க் கம்பனிகளைப் பூட்டிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. 1969 இல் அந்தத் தொழிலாளரே தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள், அரசு கைகொடுத்தது. ஆளுக்குப் பங்கு, ஆளுக்கு வாக்கு. பீடி விற்பனை சரிந்தபோது அதே சங்கம் உணவுப் பொருளும் குடையும் செய்து பிழைத்தது. வாக்கு இருந்ததால் அந்த முடிவை அவர்களே எடுத்தார்கள்.

நம் மருதமுனை நெசவில் என்ன நிலை? சாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. பாவில் இழை அறுந்தால், குனிந்து தேடி முடிச்சுப் போடும் நேரத்துக்குக் கூலி கிடையாது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றும் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? துண்டுக் கணக்கு வேலைக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு: தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி 12. சட்டம் இருக்கிறது, நம் பெயர்தான் அதில் ஏறவில்லை. பணிக்கொடைச் சட்டமோ 15 பேருக்குக் குறைந்த இடத்தை எட்டியும் பார்க்காது. நம் தறிக் கொட்டில்களில் 15 பேர் எங்கே?

சிறு தறி முதலாளி நமக்கு எதிரியல்ல. நூல் விலையும் சாய விலையும் அவர் கழுத்தையும்தான் நெரிக்கின்றன. அவரும் நாமும் ஒரே கூட்டுறவுச் சங்கத்தில் பங்காளிகளாக இருந்தால் நூலை மொத்தமாக வாங்கலாம், நட்டத்தையும் கணக்குப் பார்த்துத் தாங்கலாம்.

2023 இல் தொழில் சட்டங்களையெல்லாம் ஒன்றாக்க அரசு முனைந்தது, தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. அதே வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் திறைசேரி முறிகளை விட்டுவிட்டுச் சேமலாப நிதியில் கை வைத்தார்கள். தொழிலாளியின் சேமிப்பு நாட்டின் கடனைச் சுமக்கலாம், தொழிலாளிக்கு மட்டும் பணிப்பாளர் சபையில் ஒரு கதிரை கிடையாதா?

இனி எந்தத் தொழில் சட்டம் வந்தாலும் அதில், வீட்டில் துண்டுக் கணக்கில் வேலை செய்கிறவரும் தொழிலாளி என்று எழுதப்பட வேண்டும். பணிக்கொடைக்கு 15 பேர் என்ற வரம்பு போக வேண்டும். தொழிலாளர் பங்கு தனித்தனியாக விற்றுக் கரையாமல் ஒன்றாக இருக்க வேண்டும், வாக்கோடு இருக்க வேண்டும். தொழில் அமைச்சுக்கு அனுப்பும் மகஜர் இந்த மேசையில் இருக்கிறது. தார் சுற்றும் தாய்மார் முதலில் வந்து கையெழுத்து வையுங்கள்.